வாடகை வீட்டுக் கணக்கு: சின்ன ஓனர்களுக்குப் பணம் எங்கே கசிகிறது?

இரண்டாவதாக ஒரு வீட்டை வாங்கிப் போட்டுவிட்டால் மாதம் பிறந்ததும் வாடகை தானாக வந்து விழும், கடனை வாடகையே அடைத்துவிடும் என்று சொல்லாத சொந்தக்காரர் இருக்கமாட்டார். தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டு வைத்திருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசினால் வேறு கதைதான் வரும். வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள், ஆனால் போன வருடம் வீடு எத்தனை வாரம் காலியாகக் கிடந்தது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். உண்மையில் சின்ன ஓனருடைய லாபம் நிற்பதும் போவதும் அந்தக் காலியான வாரங்களில்தான், வாடகைத் தொகையில் அவ்வளவாக இல்லை.

முதலில் வாங்குகிற கணக்கைப் பார்த்துவிடலாம். 60 லட்சம் ரூபாய்க்கு மறுவிற்பனைக்கு வந்த இரண்டு படுக்கையறை பிளாட் ஒன்று, வாடகை 16,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,92,000, அதாவது 3.2 சதவிகிதம். நம் நகரங்களில் வீட்டு வாடகை விலையில் 2 முதல் 4 சதவிகிதத்துக்குள்தான் பெரும்பாலும் நிற்கும் என்பதால் இது மோசமான உதாரணம் ஒன்றும் இல்லை. ஆனால் விலை 60 லட்சம் என்றால் கையை விட்டுப் போவது 60 லட்சம் இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், ஆக 9 சதவிகிதம் பத்திரப் பதிவுக்கே போய்விடும். அப்புறம் புரோக்கர், வக்கீல், மின்விசிறி, கிரில், கொசு வலை என்று சேர்த்தால் 66 லட்சத்தைத் தாண்டிவிடும். வருமானப் பக்கம் ஒரு மாதம் காலி என்று வைத்தால் 1,76,000. சொத்து வரி, பெயின்ட், குழாய் வேலை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் போக ஒன்றரை லட்சம் மிஞ்சினால் பெரிய விஷயம். 66 லட்சத்துக்கு ஒன்றரை லட்சம் என்றால் 2.3 சதவிகிதத்துக்குப் பக்கத்தில். வங்கியில் சும்மா போட்டு வைத்தாலே இதைவிட அதிகம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச வழியில்லை, இடத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கை ஒன்றைத் தவிர.

இதையே கடனில் வாங்கினால்? 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவிகிதம் வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அந்த மதிப்பில் பத்திரச் செலவைச் சேர்க்க முடியாது. ஆக 48 லட்சம் கடன், கையிலிருந்து 18 லட்சத்துக்கு மேல். 8.5 சதவிகித வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை கிட்டத்தட்ட 41,650 வரும். வாடகை 16,000. மீதி 25,000 சொச்சத்தை ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்துதான் போடவேண்டும், வீடு காலியாக இருக்கிற மாதம் முழுத் தவணையும் உங்கள் தலையில். ‘வாடகையே கடனை அடைத்துவிடும்’ என்பது இந்த விலைக்கும் இந்த வட்டிக்கும் நடக்காது.

அதனால்தான் நம் ஊரில் வாடகையை நம்பி ஓரளவு நிம்மதியாக இருப்பவர்கள் பெரும்பாலும் பிளாட் வாங்கியவர்கள் இல்லை, சொந்த மனையில் கீழே தாங்கள் குடியிருந்துகொண்டு மேலே ஒரு போர்ஷன் கட்டியவர்கள். இடத்துக்குப் புதிதாகப் பணம் போகவில்லை என்பதுதான் இதில் விசேஷம். 700 சதுர அடியைச் சதுர அடிக்கு 2,300 ரூபாயில் கட்டினால் 16 லட்சம், வாடகை 9,500 என்றால் காலி மாதமும் செலவும் போக 90,000 பக்கம் நிற்கும், அது ஐந்தரை சதவிகிதத்துக்கும் மேல். மேலே ஆள் இருப்பது உங்கள் கண்ணெதிரே நடப்பதால் ஒழுகுகிற குழாயை அன்றைக்கே பார்ப்பீர்கள், வேறு ஊரில் இருக்கிற பிளாட்டில் அது ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரும்போதுதான் தெரியவரும். அனுமதி வாங்குவதும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ முதல் தளத்தோடு சேர்த்தோ கட்டும் குடியிருப்புக்குச் சுய சான்று முறையில் இணையத்திலேயே அனுமதி தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. ஆனால் பழைய கட்டடத்தின் அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்று பொறியாளரை வைத்துப் பார்க்காமல் மேஸ்திரியின் வாக்கை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள்.

கட்டும்போதே முடிக்கவேண்டிய இன்னொன்று மின் இணைப்பு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்குமேல் போகப் போக யூனிட் விலை ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் அடுக்கே மாறி பில் சட்டென்று எகிறும். மூன்று குடும்பங்களை ஒரே மீட்டரில் வைத்துவிட்டு உள்ளே சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற ஓனர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். வாடகைதாரர் கையில் போன் இருக்கிறது, அரசு விலை என்ன, ஓனர் வாங்குவது என்ன என்று இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடுவார். வாடகையில் 500 ரூபாய் கூடுதலாகக் கேட்டால் பேசாமல் கொடுக்கிறவர், கரண்ட் பில்லில் ஏமாற்றப்படுகிறோம் என்று தோன்றினால் வேறு வீடு தேட ஆரம்பித்துவிடுவார். தனி வாசல், தனிச் சமையலறை என்று தனி வீடாகவே கட்டி, தனி இணைப்புக்கு விண்ணப்பிப்பது கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் பல வருடச் சண்டையை அது மிச்சம் பிடிக்கும். தண்ணீரும் அப்படித்தான். கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீர்க் காசு யாருடையது, மோட்டார் போடுவது யார், பொது மீட்டர் பில்லை எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் குடிவரும் அன்றே பேசிவிடவேண்டும்.

இப்போது காலி மாதத்துக்கு வருவோம். ஒரு மாதம் காலி என்றால் அந்த வருட வாடகையில் 8.3 சதவிகிதம் போச்சு. ஒழுங்காக வாடகை தருகிற ஒருவரிடம் 16,000-ஐ 17,000 ஆக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறீர்கள், அவர் காலி செய்துவிடுகிறார் என்று வையுங்கள். அடுத்த ஆள் வர ஒரு மாதம் ஆனால் 16,000, பெயின்ட் அடித்துக் குழாய் மாற்றிச் சுத்தம் செய்ய ஒரு 14,000, மொத்தம் 30,000. உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கப்போவதோ வருடத்துக்கு 12,000. போட்டதை எடுக்கவே இரண்டரை வருடம், அதற்குள் புது ஆளும் கிளம்பிவிடக்கூடும். வாடகையை ஏற்றவே கூடாது என்று சொல்லவில்லை. வருடத்துக்கு 5 சதவிகிதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் மனத்தயாரிப்போடு இருப்பார்கள், மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ‘பக்கத்து வீட்டில் 20,000 வாங்குகிறார்கள்’ என்று போய் நிற்கிறபோதுதான் நல்ல ஆளை இழக்கிறோம்.

யாருக்கு விடுவது என்பதில் நம் ஆட்கள் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே! என்ன ஆளுங்க, சைவமா அசைவமா, வீட்டில் எத்தனை பேர், தனியாக இருக்கிற பெண்ணா, பேச்சிலரா என்று விசாரித்துவிட்டு, வேலை எங்கே, சம்பளம் வங்கிக்கு வருகிறதா, இதற்குமுன் குடியிருந்த வீட்டு ஓனரின் நம்பர் என்ன என்பதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். சாதியும் சாப்பாடும் வாடகை ஒழுங்காக வருமா என்பதைப் பற்றி எதையும் சொல்லாது. அது தப்பு என்பது ஒருபுறம், வியாபாரமாகப் பார்த்தாலும் வரக்கூடிய ஆட்களில் பெரும்பகுதியை நீங்களே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டு ‘ஆளே வரமாட்டேங்குது’ என்று டூ-லெட் போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வாடகை சராசரியாக வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய ஓனருக்கு ஒரு போன் போட்டு, நேரத்துக்குக் கொடுத்தாரா, காலி செய்யும்போது வீடு எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள். இப்போது குடியிருக்கிற வீட்டு ஓனர் சொல்வதைவிட அதற்கு முந்தைய ஓனர் சொல்வது நம்பகமானது, ஏனென்றால் இப்போதைய ஓனர் ஆளை அனுப்பினால் போதும் என்றுகூட நல்லபடியாகச் சொல்லிவைக்கலாம்.

சரி, ஒப்பந்தம். ‘பதினோரு மாசம் போட்டுக்கலாம்’ என்பது நம் ஊரில் மந்திரம் மாதிரி. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாகவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் சொல்வதால் அதைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. ஆனால் தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி எத்தனை மாதம் என்றாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், கையெழுத்திட்ட 90 நாளுக்குள் அரசின் வாடகை அதிகார அமைப்பில் அதைப் பதிவும் செய்யவேண்டும். இது இணையவழியில் நடக்கிறது, ஒரு பதிவு எண் கிடைக்கும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிட்டால் முடிந்தது என்று இருக்கிறவர்கள் பிரச்சினை வரும்போதுதான் முழிக்கிறார்கள்.

பழைய சட்டத்தில் நீதிமன்றம் ‘நியாய வாடகை’ நிர்ணயிக்கும் வழி இருந்தது, புதியதில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதுதான் வாடகை. அதாவது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பு, அதனால் டைப் அடிக்கிற கடையில் இருக்கிற பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி வாங்கி வருவது வீண். வாடகை தேதி, தாமதமானால் வட்டி, வருடாந்திர ஏற்றம், காலி செய்ய முன்னறிவிப்பு எத்தனை மாதம், எந்த ரிப்பேர் யாருடையது, உள்வாடகை கூடாது என்பது, இவ்வளவும் அதில் இருக்கவேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, பாக்கியைக் கேட்டு நீங்கள் அனுப்பும் அறிவிப்பு கிடைத்து ஒரு மாதத்துக்குள்ளும் கொடுக்காவிட்டால் வெளியேற்றக் கோரி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். எழுத்து அனுமதி இல்லாமல் உள்வாடகை விட்டாலும் போகலாம். ஆனால் கோபத்தில் தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, பூட்டு மாற்றுவது எதையும் செய்யாதீர்கள். அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது, அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அந்த ஒரு காரியத்தில் அவர் பக்கம் போய்விடும்.

அட்வான்ஸைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் பேசவேண்டும், ஏனென்றால் ஓனர்களுக்கும் வாடகைதாரர்களுக்கும் நடக்கிற சண்டையில் முக்கால்வாசி இங்கேதான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது நெடுநாள் வழக்கம். 2017 சட்டமோ ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்கவேண்டியதைக் கழித்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிறது. பெரிய அட்வான்ஸ் ஓனருக்குப் பாதுகாப்பு என்று தோன்றும், நடைமுறையில் அது வட்டியில்லாக் கடன், கைக்கு வந்ததும் மகன் காலேஜ் பீஸுக்கோ ஸ்கூட்டருக்கோ போய்விடும். அப்புறம் வாடகைதாரர் காலி செய்கிறேன் என்றதும் ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் தரமுடியும்’ என்று இழுக்கவேண்டி வருகிறது, அந்த அவசரத்தில் அடுத்த ஆளைச் சரியாக விசாரிக்காமல் சாவியைக் கொடுக்கிறோம். ஒரு தவறான வாடகைதாரர் உள்ளே வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். மூன்று மாதமோ ஐந்து மாதமோ வாங்குகிறதைத் தனி வைப்புநிதியில் போட்டு வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக டெபாசிட் வாங்குவதும் திருப்புவதும் வருமான வரிச் சட்டத்தில் சிக்கலைக் கொண்டுவரும் என்பதால் வங்கி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

குடிவரும் நாளில் ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து வாடகைதாரருக்கே அனுப்பிவிடுங்கள். கழிவறை டைல்ஸில் இருந்த விரிசல் யார் காலத்தது என்று மூன்று வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அட்வான்ஸோடு சேர்த்துச் சொல்லவேண்டியது ஒத்தி. மொத்தமாக ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் வீட்டை விடுவது, ‘லீசு’ என்றும் சொல்வார்கள். அவசரத்துக்குப் பணம் தேவைப்படும் ஓனர்கள் இதில் இறங்குகிறார்கள். வாங்கிய தொகை செலவாகிவிட்டால் வீட்டைத் திரும்பப் பெறவே கடன் வாங்கவேண்டியிருக்கும். அதோடு வீட்டை ஈடாக வைத்துப் பணம் வாங்கும் ஒத்தியைப் பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் முடிப்பது இரண்டு பேருக்குமே ஆபத்து. முதலீடு என்ற கண்ணோட்டத்தில் எனக்கு இது பிடிக்காத வழி.

ரிப்பேருக்கு ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும்: வாடகையில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்குவது. மொட்டைமாடித் தளம் ஒழுகுவது, செப்டிக் டேங்க், மோட்டார் சுருள் எரிவது, இவை எப்போது வரும் என்று தெரியாது, வரும் என்பது மட்டும் நிச்சயம். பெயின்ட்டில் காசு மிச்சம் பிடிக்கலாம், தளத்தில் பிடிக்காதீர்கள்.

வரிக்கு வருவோம், இங்கே நிறையப் பேர் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். வாடகை வருமானத்திலிருந்து நீங்கள் அந்த வருடம் கட்டிய சொத்து வரியைக் கழிக்கலாம், மீதியில் 30 சதவிகிதம் நிலையான கழிவு. ரிப்பேருக்கு நீங்கள் செலவே செய்யாவிட்டாலும் அந்த 30 உண்டு, இரண்டு லட்சம் செலவழித்தாலும் அதே 30தான். வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியையும் கழிக்கலாம். மேலே சொன்ன பிளாட்டில் முதல் வருட வட்டியே நான்கு லட்சத்தைத் தாண்டும், வாடகையில் கழிவெல்லாம் போக நிற்பது 1,19,000 பக்கம், ஆக இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் நஷ்டம் காட்டலாம். பழைய வரிமுறையில் அதில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ள வழி உண்டு. புதிய வரிமுறையில் அது கிடையாது, வாடகை வருமானத்தைப் பூஜ்யமாக்குவதோடு சரி. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பாகப் பொருந்துகிறது என்பதால் ‘வரியில் மிச்சமாகும், வாங்கு’ என்று இன்னமும் அறிவுரை சொல்கிறவரிடம், எந்த முறையில் என்று திருப்பிக் கேளுங்கள்.

வாடகையைக் கணக்கில் காட்டாமல் விடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்கும் ஊழியர் தன் அலுவலகத்தில் ஓனருடைய பான் எண்ணைக் கொடுத்தாகவேண்டும். அதாவது உங்கள் வருமானம் உங்களுக்கு முன்பே வருமான வரித்துறைக்குப் போய்விடுகிறது. மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் வாடகைதாரரே அதில் 2 சதவிகிதத்தை வரியாகப் பிடித்துக் கட்டவேண்டும், 2024 அக்டோபர் 1-க்கு முன் இது 5 ஆக இருந்தது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீட்டை விட்டிருப்பவர்கள் இதில் தனி ரகம். ஓனர் வரிச்சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் வாடகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வாடகைதாரர் 31.2 சதவிகிதம் வரி பிடித்துக் கட்டவேண்டும், அந்த 50,000 வரம்பெல்லாம் இங்கே இல்லை. ஊரில் இருக்கிற அப்பா வாடகையை வாங்கிக்கொண்டாலும் வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வருமானம்தான் அது. நடைமுறையில் பல வாடகைதாரர்களுக்கு இது தெரியவே தெரியாது, தெரியவந்ததும் பயந்து காலி செய்பவர்களும் உண்டு, அதனால் முதல் நாளே சொல்லி, வரி பிடிப்பதற்கான வேலையை ஒரு ஆடிட்டரிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது. பிடித்த வரியில் கூடுதலாகப் போனதைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

கடைசியாக, விற்கிற எண்ணம் இருந்தால். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் லாபத்தில் 12.5 சதவிகித வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால் இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் இந்த 12.5 சதவிகிதம், பணவீக்கச் சரிக்கட்டலோடு (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) 20 சதவிகிதம் என்ற பழைய கணக்கு, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். மேலே கட்டிய போர்ஷனுக்கான பில்களை, சிமென்ட் கடை ரசீதிலிருந்து ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய வங்கிப் பரிமாற்றம் வரை, அப்போதே ஒரு கோப்பில் போட்டு வைத்தால் அந்தச் செலவையும் லாபத்தில் கழிக்கலாம். வாங்க வருபவர் பெரும்பாலும் காலி வீட்டைத்தான் கேட்பார். ஆகவே அடுத்த வருடம் விற்கலாம் என்று மனதில் இருந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதே வாடகைதாரரிடம் சொல்லி, முன்னறிவிப்புக் காலத்தை அதற்கேற்ப எழுதிக்கொள்ளுங்கள், முதலில் அவரிடமே ‘நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்களா’ என்றும் கேட்டுப் பாருங்கள். வீட்டின் நல்லது கெட்டது தெரிந்தவர், புரோக்கர் கமிஷனும் கிடையாது.